ரேக்கில் தொங்கும் கிஃப்ட் கார்டில் இருந்த பணம் எங்கே போகிறது? கடைகள் இதைத் தடுக்க முடியுமா?

கேள்வி இது: "நியூஜெர்சியில் இருக்கிறேன். அலுவலக நண்பருக்குப் பரிசாக ஒரு பெரிய கடையில் 200 டாலருக்கு கிஃப்ட் கார்டு வாங்கிக் கொடுத்தேன். சில வாரம் கழித்து அவர் பயன்படுத்தப் போனால் பேலன்ஸ் பூஜ்யம் என்று வருகிறது. கடையில் கேட்டால் கார்டு கம்பெனியிடம் பேசச் சொல்கிறார்கள். கார்டு கம்பெனியோ பணம் ஏற்கெனவே செலவாகிவிட்டது என்கிறது. அதுவரை அவர் கார்டை உறையிலிருந்து பிரிக்கவே இல்லை. இது எப்படி நடக்கும்? கடைகளால் இதைத் தடுக்க முடியாதா?"

அமெரிக்காவில் சில்லறைக் கடைகளின் பில்லிங் கவுண்டர்களை மேற்பார்வை செய்யும் வேலையில் பல வருடமாக இருக்கிறேன். உங்கள் கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன்: தடுக்க முடியும். முழுவதும் இல்லை, ஆனால் இப்போது நடப்பதில் பெரும் பகுதியைத் தடுக்கலாம். "வாடிக்கையாளர்தான் கவனமாக இருக்க வேண்டும்" என்று சொல்லிக் கைகழுவுவது நியாயமே இல்லை. ஏன் என்று கீழே விளக்குகிறேன்.

அதற்கு முன் அவசரமான விஷயம். கார்டையும் உறையையும் ரசீதையும் தூக்கிப் போடாதீர்கள். மூன்றையும் முன்னும் பின்னும் படம் எடுத்து வையுங்கள். கார்டின் பின்பக்கம் இருக்கும் எண்ணுக்கு மறுபடி கூப்பிட்டு, பணம் எந்தத் தேதியில், எத்தனை மணிக்கு, எந்தக் கடையில் அல்லது இணையதளத்தில் செலவானது என்று கேளுங்கள். முதலில் பேசுபவர் சொல்ல மறுத்தால் மேலதிகாரியைக் கேளுங்கள். உங்கள் ரசீதில் இருக்கும் நேரத்துக்கும் செலவான நேரத்துக்கும் சில நிமிடங்களோ சில மணி நேரமோதான் இடைவெளி என்றால், அல்லது செலவான ஊர் உங்கள் ஊரிலிருந்து வெகுதூரத்தில் இருந்தால், அதுவே உங்களுக்கு நல்ல ஆதாரம். அந்தத் தகவலோடு மாற்று கார்டு கேட்டு எழுத்தில் புகார் கொடுங்கள். நுகர்வோரைப் பாதுகாக்கும் மத்திய அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் என்ற எஃப்டிசியின் தளத்திலும், உங்கள் மாநில நுகர்வோர் விவகாரப் பிரிவிலும் புகார் பதியுங்கள். கிரெடிட் கார்டில் வாங்கியிருந்தால் வங்கியிடமும் ஆட்சேபம் தெரிவியுங்கள். "பொருளைக் கையில் கொடுத்துவிட்டோமே" என்று கடை வாதிடலாம், அதனால் பணம் திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. இருந்தாலும் கேட்காமல் விடாதீர்கள். ஒருமுறை மறுத்த நிறுவனம், புகார் எண்ணோடு மறுபடி போனபோது மாற்று கார்டு கொடுத்ததைப் பார்த்திருக்கிறேன்.

இனி எப்படி நடந்தது என்பதற்கு வருகிறேன். உங்கள் நண்பர் பிரிக்கவில்லை என்பது சரிதான். நீங்கள் ரேக்கிலிருந்து எடுப்பதற்கு முன்பே வேறு யாரோ பிரித்திருக்கிறார்கள்.

ரேக்கில் தொங்கும்போது அந்த அட்டைக்கு மதிப்பு எதுவும் இல்லை. கேஷியர் உறையில் உள்ள பார்கோடை ஸ்கேன் செய்து, நீங்கள் பணம் கட்டிய பிறகுதான் கடையின் கணினி கார்டு நெட்வொர்க்குக்குத் தகவல் அனுப்பி அதை ஆக்டிவேட் செய்கிறது. ஒரே ரேக்கில் பல பிராண்டுகளின் கார்டுகள் தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அவற்றைக் கடைகளுக்குக் கொண்டுவந்து சேர்க்கும் இடைநிலை நிறுவனங்களில் பிளாக்ஹாக், இன்காம் இரண்டும் பெரியவை. கடைக்குக் கிடைப்பது கமிஷன். உங்கள் 200 டாலரில் பெரும் பகுதி கடையில் தங்குவதில்லை. உங்களை இங்கும் அங்கும் அலைய விடுவதற்கு இந்த ஏற்பாடுதான் காரணம். விற்றவர் ஒருவர், அட்டையை வெளியிட்டவர் இன்னொருவர், நடுவில் மூன்றாவதாக ஒருவர். இழப்பு யார் தலையில் என்று வரும்போது மூவரும் நகர்ந்துகொள்ள, வாங்கியவர் மாட்டிக்கொள்கிறார்.

ஆக்டிவேட் ஆகாத அட்டைக்கு மதிப்பில்லை என்பதால் யாரும் அதைப் பூட்டி வைப்பதில்லை. ரேசர் பிளேடு பாக்கெட்டைக்கூடக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பூட்டி வைக்கும் கடைகளில், 500 டாலர் வரை ஏற்றக்கூடிய அட்டைகள் யார் வேண்டுமானாலும் எடுக்கும்படி திறந்தவெளியில் தொங்குகின்றன. மோசடிக்காரர்கள் பயன்படுத்திக்கொள்வது இதைத்தான். கைநிறைய அட்டைகளை அள்ளிக்கொண்டு போகிறார்கள். கடைக் கணக்கில் அவற்றின் மதிப்பு பூஜ்யம் என்பதால் சரக்கு குறைந்தது உடனே தெரிவதில்லை. வெளியே கொண்டுபோய் உறையைப் பக்குவமாகப் பிரித்து, கார்டு எண்ணைக் குறித்து, கார்டின் ரகசிய எண்ணான பின் நம்பரை மறைத்திருக்கும் வெள்ளிப் பட்டையைச் சுரண்டி அதையும் குறித்துக்கொள்கிறார்கள். அதே மாதிரி வெள்ளிப் பட்டை ஸ்டிக்கர்கள் சுருள் சுருளாக விலைக்குக் கிடைக்கின்றன. அதை ஒட்டி, உறையைப் பசைபோட்டு மூடி, மறுபடி கடைக்கு வந்து தொங்கவிட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இந்தத் திருட்டில் முக்கியமான வேலை எடுப்பது இல்லை, திருப்பி வைப்பது. பொருளை எடுத்து மறைப்பவரைப் பார்க்கத்தான் கடை ஊழியர்களைப் பழக்கியிருக்கிறோம். பையிலிருந்து எடுத்து ரேக்கில் மாட்டுபவர்மேல் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. சரக்கு நிரப்ப வந்தவர் என்று நினைத்துக்கொள்வார்கள். கடைகள் தங்கள் ஊழியர்களுக்குக் கற்றுக்கொடுக்க வேண்டிய முதல் பாடம் இதுதான் என்று நினைக்கிறேன்: கிஃப்ட் கார்டு ரேக்கில் யாராவது அட்டைகளை வைத்துக்கொண்டிருந்தால் பக்கத்தில் போய் "உதவி வேண்டுமா?" என்று கேட்க வேண்டும். சண்டை வேண்டாம், குற்றம் சாட்ட வேண்டாம். கேட்டாலே பாதிப் பேர் கிளம்பிவிடுவார்கள்.

அதற்குப் பிறகு அவர்கள் செய்ய வேண்டியது காத்திருப்பது மட்டும்தான். வீட்டுச் சாவிக்கு முன்கூட்டியே நகல் எடுத்து வைத்துக்கொண்டு, நீங்கள் குடிவரும் நாளைப் பார்த்துக்கொண்டிருப்பது மாதிரி. குறித்து வைத்த எண்களின் பேலன்ஸை மென்பொருள் விடாமல் சோதித்துக்கொண்டே இருக்கும். நீங்கள் பணம் கட்டி அட்டை ஆக்டிவேட் ஆனதும் பணம் உருவப்பட்டுவிடும். விலை உயர்ந்த எலக்ட்ரானிக் பொருளாகவோ, கைமாற்ற வசதியான வேறு கார்டுகளாகவோ மாறிவிடும். கிறிஸ்துமஸுக்கு முந்தைய வாரங்களில் இது அதிகம் நடப்பதற்குக் காரணம் விற்பனை கூடுவது மட்டும் இல்லை. அப்போது வாங்கும் கார்டு பரிசுப் பொட்டலத்துக்குள் வாரக்கணக்கில் தூங்குகிறது. பணம் போனது தெரியவரும்போது தடயம் ஆறிப்போயிருக்கும்.

இதைச் செய்பவர்கள் சில்லறைத் திருடர்கள் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையின் புலனாய்வுப் பிரிவு 2023 இறுதியில் 'புராஜெக்ட் ரெட் ஹூக்' என்ற பெயரில் இதற்கென்றே தனி நடவடிக்கை தொடங்கியது. சீனாவுடன் தொடர்புள்ள குற்றக் கும்பல்கள் இந்த அட்டைகளை எப்படி மொத்தமாகக் கையாள்கின்றன என்பதுதான் அந்த விசாரணையின் மையம். அப்படிப்பட்ட கும்பலை, அலுவலகம் முடிந்து அவசரமாகப் பரிசு வாங்க வரும் ஒருவர் ரேக் முன்னால் நின்று அட்டையைத் திருப்பிப் பார்த்துத் தோற்கடித்துவிட முடியுமா? அதனால்தான் பொறுப்பை வாங்குபவர்மேல் போடுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இருந்தாலும் நிலைமை மாறும்வரை நீங்கள் செய்யக்கூடியவை உண்டு. எனக்குத் தெரிந்த நல்ல வழி, ரேக்கைத் தவிர்ப்பதுதான். கொடுக்க வேண்டிய பிராண்டின் சொந்தத் தளத்திலேயே மின்னணு கார்டாக வாங்கி ஈமெயிலில் அனுப்பிவிடுங்கள். யாரோ கையால் தொட்டு, பிரித்து, ஒட்டும் பிரச்சினையே அதில் இல்லை. அட்டையாகத்தான் கொடுக்க வேண்டும் என்றால் கவுண்டருக்குப் பின்னால் வைத்திருக்கும் கார்டைக் கேட்டு வாங்குங்கள். உணவகங்கள் பலவற்றில் கேஷியர் பக்கத்திலேயே வைத்திருப்பார்கள். ரேக்கிலிருந்தே எடுப்பதாக இருந்தால், அதே பிராண்டு கார்டுகள் மூன்று நான்கைச் சேர்த்து எடுத்து ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றின் உறை மட்டும் தடித்திருக்கிறதா, ஓரம் சுருங்கியிருக்கிறதா, வெள்ளிப் பட்டை கோணலாக இருக்கிறதா என்பது ஒப்பிடும்போதுதான் கண்ணில் படும். தனியாகப் பார்த்தால் எல்லாமே சரியாகத்தான் தெரியும். பார்கோடு மேல் விரலை ஓட்டிப் பாருங்கள். சில கும்பல்கள் தங்களிடம் இருக்கும் வேறு அட்டையின் பார்கோடை ஸ்டிக்கராக அடித்து மேலே ஒட்டிவிடுவார்கள். அப்போது நீங்கள் கட்டும் பணம் நேராக அவர்கள் கையில் இருக்கும் அட்டைக்குப் போய்விடும், உங்களுடையது ஆக்டிவேட் ஆகவே ஆகாது. ரசீதில் கார்டு எண்ணின் கடைசி இலக்கங்கள் அச்சாகியிருந்தால், கவுண்டரை விட்டு நகர்வதற்கு முன் கார்டில் இருப்பதோடு சரிபாருங்கள். பொருந்தவில்லை என்றால் அங்கேயே மேனேஜரைக் கூப்பிடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பேலன்ஸ் பார்க்க கூகுளில் தேடி, முதலில் வரும் தளத்தில் எண்ணைப் போடாதீர்கள். கார்டு எண்ணையும் பின் நம்பரையும் திருடுவதற்கென்றே பேலன்ஸ் பார்க்கும் பக்கம் மாதிரி போலித் தளங்கள் இருக்கின்றன. கார்டின் பின்னால் அச்சிட்டிருக்கும் முகவரியை நீங்களே தட்டச்சு செய்யுங்கள். அப்புறம், யாருக்குப் பரிசு கொடுக்கிறீர்களோ அவரிடம் ரசீதின் படத்தையும் கொடுத்து, "சீக்கிரம் பயன்படுத்திவிடுங்கள்" என்று கூச்சப்படாமல் சொல்லுங்கள். 2009இல் வந்த 'கார்டு ஆக்ட்' என்ற அமெரிக்க மத்தியச் சட்டப்படி கிஃப்ட் கார்டில் உள்ள பணம் குறைந்தது 5 வருடத்துக்குக் காலாவதி ஆகக்கூடாது. காலாவதிக்கு எதிராகச் சட்டம் பாதுகாக்கிறது. ஆனால் டெபிட் கார்டு திருட்டுப்போனால் கிடைக்கும் பாதுகாப்பு கிஃப்ட் கார்டுக்கு இல்லை.

இதுவரை சொன்னது ஒரு வகை. கடைக்குள் நடக்கும் இன்னொரு வகை மோசடி எனக்கு இதைவிட வேதனை தருவது. அதில் அட்டை ஒழுங்காகவே இருக்கும், வாங்குபவர்தான் ஏமாற்றப்பட்டு வந்திருப்பார்.

போனில் ஒருவர் வருமான வரித் துறையிலிருந்து பேசுவதாகச் சொல்வார். அல்லது சோஷியல் செக்யூரிட்டி எண் என்ற அரசு அடையாள எண் முடக்கப்பட்டுவிட்டது என்பார், பேரன் விபத்தில் மாட்டி ஜெயிலில் இருக்கிறான் என்பார், கம்ப்யூட்டரில் வைரஸ் என்பார். உடனே கடைக்குப் போய் கிஃப்ட் கார்டு வாங்கி, பின்னால் இருக்கும் எண்களைப் படித்துக் காட்டச் சொல்வார். எண்ணைச் சொன்ன நிமிடமே பணம் போய்விடும். கிஃப்ட் கார்டு மற்றும் மறுபடி பணம் ஏற்றக்கூடிய ரீலோடு கார்டு வழியாக 2023இல் மட்டும் 217 மில்லியன் டாலர் இழந்ததாக எஃப்டிசிக்குப் புகார்கள் வந்தன. புகார் கொடுத்தவர்களின் கணக்கு இது. வெட்கப்பட்டு வீட்டில்கூடச் சொல்லாதவர்கள் இதில் இல்லை.

நம்மவர்களுக்கு இதில் நேரடித் தொடர்பு இருக்கிறது. 2016 அக்டோபரில் மும்பையை ஒட்டிய மீரா ரோட்டில் போலீஸ் சோதனையிட்ட கால் சென்டர்களில், அமெரிக்க வரி அதிகாரி என்று சொல்லி அமெரிக்கர்களை மிரட்டிப் பணம் பறித்துக்கொண்டிருந்தார்கள். அதே மாதம் அமெரிக்க நீதித்துறை அகமதாபாத்தில் இயங்கிய கால் சென்டர்கள்மேலும் குற்றச்சாட்டு பதிவு செய்தது. இன்னொரு பக்கம், இங்கு புதிதாக வந்த இந்திய மாணவர்களையும், பிள்ளைகளைப் பார்க்க விசிட்டர் விசாவில் வந்திருக்கும் அப்பா அம்மாவையும் விசா ரத்து, நாடு கடத்தல் என்று பயமுறுத்துவதும் நடக்கிறது. அரசு அலுவலகத்திலிருந்து அழைப்பு என்றாலே எழுந்து நின்று பேசும் தலைமுறை அது. அவர்களிடம் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் தெளிவாகச் சொல்லி வையுங்கள்: அமெரிக்காவில் எந்த அரசு அலுவலகமும், போலீசும், நீதிமன்றமும், மின்சாரக் கம்பெனியும் கிஃப்ட் கார்டில் பணம் கேட்காது. கேட்டால் அது மோசடி, விதிவிலக்கு கிடையாது. வேலையில் புதிதாகச் சேர்ந்த இளைஞர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். "மீட்டிங்கில் இருக்கிறேன், வாடிக்கையாளருக்குக் கொடுக்க அவசரமாகச் சில கிஃப்ட் கார்டு வாங்கி எண்களை அனுப்பு" என்று மேலாளர் பெயரில் வரும் மெசேஜும் இதே ரகம்தான்.

இந்த வகையில் கடைசித் தடுப்பு கேஷியர். அவருக்குப் பிறகு யாரும் இல்லை. வயதானவர் ஒருவர் போனைக் காதில் வைத்தபடியே, அல்லது லைனைத் துண்டிக்காமல் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வருவார். ஒரே பிராண்டில் 500 டாலர் கார்டுகள் நாலைந்து எடுத்திருப்பார். முகம் வெளிறியிருக்கும், அவசரப்படுவார். "யாருக்கு?" என்று கேட்டால் "பேரப்பிள்ளைகளுக்கு" என்று பதில் தயாராக இருக்கும், ஏனென்றால் போனில் இருப்பவர் அப்படிச் சொல்லும்படி பழக்கியிருப்பார். "கடைக்காரர்கள் இது மோசடி என்று சொல்வார்கள், நம்பாதீர்கள், அவர்களும் இதில் கூட்டு" என்றுகூடச் சொல்லி வைத்திருப்பார்கள். அதனால் "சார், உங்களை ஏமாற்றுகிறார்கள்" என்று நேரடியாகச் சொன்னால் பலன் இருப்பதில்லை. கோபித்துக்கொண்டு அடுத்த கடைக்குப் போய்விடுவார்.

நான் என் கவுண்டர் ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது வேறு மாதிரி. பில் போடுவதை நிறுத்துங்கள், சிஸ்டம் மெதுவாக இருக்கிறது என்று சொல்லுங்கள். லைன் திறந்திருக்கலாம் என்பதால் பேசாமல் ஒரு தாளில் எழுதிக் காட்டுங்கள்: "யாராவது இதை வாங்கச் சொன்னார்களா? தலையை மட்டும் ஆட்டுங்கள்." பயந்துபோயிருப்பவருக்கு வாய்விட்டுச் சொல்ல முடியாததைத் தலையசைத்துச் சொல்ல முடிகிறது. ஒரு பெரியவர் அப்படித் தலையசைத்துவிட்டு அழுதே விட்டார். உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்து, அவர் மகளைக் கூப்பிட்டோம். பின்னால் நின்ற வரிசை பொறுமையாகக் காத்திருந்தது. வரிசை நீளும், விற்பனை குறையும் என்று கேஷியர் பயப்படக் கூடாது. விற்பனையை நிறுத்தினால் மேனேஜர் திட்ட மாட்டார் என்ற உறுதி அவருக்கு முதலில் வேண்டும். சுவரில் ஒட்டும் எச்சரிக்கைத் தாளைவிட அந்த உறுதி அதிகம் காப்பாற்றும். நியூயார்க், டெலவேர் போன்ற மாநிலங்களில் எச்சரிக்கைப் பலகை வைப்பது சட்டப்படி கட்டாயம், நல்லதுதான். ஆனால் போனில் மிரட்டலைக் கேட்டுக்கொண்டே நடப்பவர் பலகையைப் படிப்பதில்லை.

இதே காரணத்தால், வாடிக்கையாளரே பில் போட்டுக்கொள்ளும் செல்ஃப் செக்கவுட்டில் பெரிய தொகை கிஃப்ட் கார்டு விற்பதை நான் எதிர்க்கிறேன். அங்கே தலையசைப்பைப் பார்க்க ஆள் இல்லை.

கடைகளால் முடியும் என்று ஏன் சொல்கிறேன் என்றால், அழுத்தம் வந்தபோது செய்திருக்கிறார்கள். 2018இல் நியூயார்க், பென்சில்வேனியா மாநில அட்டர்னி ஜெனரல்களின் (மாநில அரசின் தலைமைச் சட்ட அதிகாரிகள்) முயற்சியால் வால்மார்ட், டார்கெட், பெஸ்ட் பை மூன்றும் ஒருவர் வாங்கக்கூடிய கார்டு தொகையின் உச்சவரம்பைக் குறைத்தன. ஒரு கிஃப்ட் கார்டைக் கொடுத்து இன்னொரு கிஃப்ட் கார்டு வாங்குவதைக் கட்டுப்படுத்தின. ஊழியர்களுக்குப் பயிற்சியும் கூட்டின. கார்டை வைத்துக் கார்டு வாங்குவதுதான் திருடிய பணத்தின் தடத்தை அழிக்க எளிய வழி. அதை மூடியது உண்மையிலேயே பயனுள்ள காரியம்.

ரேக்கில் நடக்கும் திருட்டுக்கு இதுவரை வந்ததில் உருப்படியானது மேரிலாந்து மாநிலச் சட்டம். 2024இல் நிறைவேறி, 2025 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. கார்டு எண்களும் பின் நம்பரும் வெளியே தெரியாதபடி, பிரித்தால் பிரித்தது தெரியும்படி உறை இருக்க வேண்டும் என்கிறது. கடை தன் சொந்த கார்டுகளை ஊழியர் மட்டுமே எடுக்கக்கூடிய இடத்தில் வைத்து விற்றால் உறை விதியிலிருந்து விலக்கு உண்டு. கிஃப்ட் கார்டு விற்கும் ஊழியர்களுக்கு மோசடியை அடையாளம் காணும் பயிற்சி கட்டாயம். இதில் எதுவும் புதிய தொழில்நுட்பம் இல்லை. மாத்திரைப் பாட்டிலைப் பிரித்தால் தெரியும்படி மூடி செய்ய 1980களிலேயே இந்த நாடு கற்றுக்கொண்டது. 500 டாலர் அட்டைக்கு மட்டும் மெல்லிய காகித உறை போதும் என்று இத்தனை நாள் விட்டது தொழிலின் அலட்சியம், அந்தத் தொழிலில் இருந்துகொண்டே இதைச் சொல்கிறேன்.

நியூஜெர்சியில் இருக்கும் உங்களுக்கு இதில் செய்ய ஒன்று உண்டு. கார்டு வாங்கிய கடையின் மேனேஜரிடம் போகும்போது உங்கள் 200 டாலரைப் பற்றி மட்டும் பேசாதீர்கள். அந்த ரேக்கில் அதே பிராண்டு கார்டுகள் இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரு அட்டை மாற்றப்பட்டிருந்தால் பக்கத்தில் இருப்பவையும் மாற்றப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம், ஏனென்றால் கொத்தாகத்தான் கொண்டுவந்து வைப்பார்கள். அவற்றை உடனே எடுத்துவிட்டுச் சோதிக்கச் சொல்லுங்கள், நீங்கள் கார்டு வாங்கிய நாளுக்கு முந்தைய கேமரா பதிவை அழியாமல் எடுத்துவைக்கச் சொல்லுங்கள். பதிவுகள் குறிப்பிட்ட காலத்தில் தானாக அழிந்துவிடும், அதனால் இந்த வாரமே போங்கள்.